கப்பல் நிற்கும் துறைமுகத்தில் மீன் பிடித்தால்: தூண்டில் போடும் முன் செய்ய வேண்டியவை

சொகுசுக் கப்பல் காலையில் ஒரு துறைமுகத்தில் நிற்கிறது, மாலைக்குள் நீங்கள் திரும்ப ஏறியாக வேண்டும். இடையில் கிடைக்கும் நான்கைந்து மணி நேரத்தில் வாடகைப் படகு பிடித்து மீன் பிடிக்கப் போகிறவர்கள் ஏராளம். மீன் மாட்டிய பிறகுதான் பலருக்கும் கேள்வி எழுகிறது: இதை எங்கே கொண்டுபோவது? அறையில் இருப்பது குளிர்பானம் வைக்கும் சின்னப் பெட்டி. வீடோ பல நூறு மைல் தள்ளி இருக்கிறது. நல்ல மீன் துறைமுக மேடையில் வெயிலில் கிடந்து வீணாவதைப் பார்த்தால் வயிறு எரியும். ஆகவே முதல் விதி இதுதான்: மீன் யார் தட்டுக்குப் போகும் என்று தெரியாமல் தூண்டிலைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

படி 1: கப்பலிடம் கேளுங்கள்

பயணம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பெரும்பாலான கப்பல்கள் பயணிகள் பிடித்த பச்சை மீனை உள்ளே அனுமதிப்பதில்லை. இதில் வீம்பு எதுவும் இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வெளிநாடுகளிலிருந்து வரும் பயணிகள் கப்பல்களை அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி முன்னறிவிப்பின்றிச் சோதித்து 100-க்கு மதிப்பெண் போடுகிறது. 86-க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. எங்கே பிடித்தது, எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது என்று தெரியாத மீனை ஆயிரக்கணக்கானோர் சாப்பிடும் சமையலறைக்குள் எந்தத் தலைமைச் சமையல்காரரும் விடமாட்டார்.

விதிவிலக்கு உண்டு. அமெரிக்காவின் வடகோடி மாநிலமான அலாஸ்கா பாதையில் செல்லும் சில கப்பல்கள், தங்கள் மூலமாகவே பதிவு செய்த மீன்பிடிப் பயணத்தில் கிடைத்த மீனை அன்றிரவே சமைத்துத் தருகின்றன. நீங்களாகத் தேடிப்பிடித்த படகுக்கு அந்தச் சலுகை பொருந்தாமல் போகலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

படி 2: படகுக்காரரிடம் கேளுங்கள்

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை இவை. பிடித்த மீன் யாருக்குச் சொந்தம்? சில துறைமுகங்களில் மீன் முழுவதும் படகுக்கே என்பது வழக்கம், சில இடங்களில் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு. உரிமம் கட்டணத்தில் அடங்குமா? அலாஸ்காவில் வெளியூர்க்காரர்கள் மீன்பிடி உரிமம் வாங்க வேண்டும், கிங் சால்மன் என்ற பெரிய சால்மன் வகையைப் பிடிக்க உரிமத்தோடு தனி முத்திரையும் வேண்டும். படகில் எவ்வளவு ஐஸ் இருக்கும்? மீனை வெட்டிச் சுத்தம் செய்து தருவார்களா? கடைசியாக, கரைக்கு எத்தனை மணிக்குத் திரும்புவோம்? நீங்களாக ஏற்பாடு செய்த படகு தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது.

படி 3: வழியை முடிவு செய்யுங்கள்

மீனுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: துறைமுகத்திலேயே சமைத்துச் சாப்பிடுவது, உறைய வைத்து வீட்டுக்கு அனுப்புவது, யாருக்காவது கொடுப்பது, உயிரோடு கடலில் விடுவது.

முதல் முறை போகிறவருக்கு நான் சொல்வது முதல் வழிதான். துறைமுகத்துக்கு அருகில் உள்ள சில உணவகங்கள் நீங்கள் கொண்டுவரும் மீனைக் கூலி வாங்கிக்கொண்டு சமைத்துத் தரும். எந்த உணவகம் என்று படகுக்காரருக்குத் தெரிந்திருக்கும். காலையில் பிடித்த மீனை மதியமே சாப்பிடும் சுவைக்கு வேறு எதுவும் ஈடாகாது.

கொடுப்பதென்றால் படகு ஊழியர்களுக்கு முதலில் கொடுங்கள். அலாஸ்காவில் உங்கள் மீனை வேறொருவர் எடுத்துச் செல்வதென்றால் அதற்கென உள்ள படிவத்தை நிரப்பி அவர் கையில் கொடுக்க வேண்டும். பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்பது அங்கே சட்டப்படி குற்றம். உணவகம் உங்களுக்குச் சமைத்துத் தரலாம், மற்றவருக்கு விற்கக் கூடாது.

எந்த வழியும் கைகூடாது என்றால் விட்டுவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், இல்லையென்றால் மீனின் மேலுள்ள வழவழப்புப் படலம் உரிந்து நோய் தொற்றும். முடிந்தவரை தண்ணீரிலேயே வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். செவிளைப் பிடித்துத் தொங்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள். ஆழத்திலிருந்து சட்டென மேலே வந்த பாறை மீன்களுக்குக் காற்றுப் பை வீங்கியிருக்கும். அவற்றைச் சும்மா விட்டால் மிதந்தே செத்துவிடும், எடை கட்டி ஆழத்துக்கு இறக்கும் கருவியால்தான் விட வேண்டும்.

படி 4: படகில் முதல் பத்து நிமிடம்

மீனின் தரம் இங்கேதான் நிர்ணயமாகிறது. பல படகுகளில் ஊழியரே இதைச் செய்துவிடுவார். இருந்தாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் செய்யாதவரிடம் கேட்டு வாங்கலாம்.

மீன் படகுக்குள் வந்ததும் தலையில் ஓங்கி ஒரு அடி, அதோடு துடிப்பு நிற்க வேண்டும். தரையில் துள்ளித் துள்ளிச் சாகும் மீனின் சதை கன்றிப்போகும். அடுத்து செவிள் மூடியைத் தூக்கினால் சிவப்புச் சீப்பு போல அடுக்கடுக்காகச் செவிள் தெரியும். அதன் அடிப்பக்கத்தைக் கத்தியால் அறுத்து, தலை கீழாக இருக்கும்படி கடல்நீர் வாளியில் போடுங்கள். தண்ணீர் சட்டென்று சிவக்கும். இரத்தம் வடிந்த மீனின் சதை வெளிறிச் சுத்தமாக இருக்கும், கவிச்சியும் குறையும்.

பிறகு ஐஸ். வெறும் ஐஸ் கட்டிகளின் மேல் மீனைப் படுக்க வைத்தால் கட்டி தொடும் இடம் மட்டுமே குளிரும். ஐஸோடு கொஞ்சம் கடல்நீர் சேர்த்துக் கூழ் போல ஆக்கி அதற்குள் மீனை முழுக்க அமிழ்த்துங்கள். உப்பு நீர் பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே போகும், மீனின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் குளிரும்.

சூரை, வஞ்சிரம், பறளா போன்ற மீன்களுக்கு இது ருசிக்காக மட்டும் சொல்வதன்று. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியா அதை ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் வேகவைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

படி 5: சாப்பிடக் கூடாததை ஒதுக்குங்கள்

கரீபியன், பசிபிக் தீவுகள் போன்ற வெப்பமண்டலப் பவளப்பாறைக் கடல்களில் சிகுவடெரா என்ற நச்சு உண்டு. பாறைப் பாசியில் வாழும் நுண்ணுயிரி அதை உண்டாக்குகிறது. பாசி மேயும் சிறு மீன், அதைத் தின்னும் பெரிய மீன் என்று சங்கிலியில் ஏறி, சீலா, பெரிய களவா போன்றவற்றில் அது சேர்ந்துவிடும். நிறம், மணம், சுவை எதுவும் காட்டிக் கொடுக்காது, சமைத்தாலும் அழியாது. குளிர்ந்த பொருள் சுடுவது போலத் தோன்றுவது இதன் விசித்திரமான அறிகுறி. 1774-இல் ஜேம்ஸ் குக்கின் ரெசல்யூஷன் கப்பலில் மீன் தின்றவர்களுக்கு வந்த நோயும் இதுவாகத்தான் இருக்கும் என்று கருதப்படுகிறது. பெரிய சீலா மாட்டினால் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். மற்ற மீன்களைப் பற்றி உள்ளூர்ப் படகுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். எந்தப் பாறை மீனை அவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டாரோ, அது உங்களுக்கும் வேண்டாம்.

படி 6: வெட்டும்போது தோலைக் கவனியுங்கள்

முழுத் தோலையும் உரித்துவிட்டால் அது என்ன மீன் என்று அதிகாரியால் சொல்ல முடியாது. அதனால் பல இடங்களில் விதி இருக்கிறது. அலாஸ்காவில் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனைப் படகிலேயே வெட்டினால் மேல்பக்கம் இரண்டு துண்டு, கீழ்ப்பக்கம் இரண்டு, கன்னச் சதை இரண்டு, இதற்கு மேல் போடக் கூடாது. ஒவ்வொரு துண்டிலும் சிறிது தோல் ஒட்டியிருக்க வேண்டும்.

படி 7: வீட்டுக்கு அனுப்புதல்

அலாஸ்கா துறைமுகங்களில் இதற்கென்றே மீன் பதப்படுத்தும் நிலையங்கள் இருக்கின்றன. படகிலிருந்து மீனை எடுத்து, பையிலுள்ள காற்றை உறிஞ்சி வேக்குவம் பேக் செய்து, அதிவேகமாக உறைய வைத்து, உங்கள் பெயர் ஒட்டி வைப்பார்கள். பயணம் முடிந்து நீங்கள் வீடு சேர்ந்த பிறகு வரும்படி தேதி கொடுங்கள். வாரத்தின் தொடக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பிய பெட்டி சனி, ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்கும் ஆபத்து உண்டு. கட்டணம் எடைக்கு ஏற்ப ஏறும் என்பதால், மீன் சிறியதென்றால் அனுப்பும் செலவு மீனின் மதிப்பைத் தாண்டிவிடும்.

விமானத்தில் கொண்டுபோவதானால், டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) ஒருவருக்கு 2.5 கிலோ வரைதான், அதற்கும் விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். ஆவி வெளியேற வழி இல்லாமல் பெட்டியை இறுக மூடக் கூடாது. உங்கள் வீடு வேறு நாட்டில் இருந்தால் சுங்க விதிகளும் குறுக்கே வரும். அப்படிப்பட்டவர்கள் துறைமுகத்திலேயே சாப்பிட்டுவிடுவதுதான் நல்லது.

படி 8: வீட்டில் பிரிக்கும்போது

பெட்டி வந்ததும் மீன் கல் போல இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து உடனே ஃப்ரீசரில் வையுங்கள். பச்சையாகச் சாப்பிடும் எண்ணம் இருந்தால் மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் ஒட்டுண்ணிப் புழுக்கள் சாகும். வீட்டு ஃப்ரீசர் பலவும் அந்தக் குளிரைத் தொடுவதில்லை, ஆகவே வேகவைத்தே சாப்பிடுங்கள்.

சமைக்கும் முந்தைய இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றும்போது வேக்குவம் பையைக் கட்டாயம் கிழித்துவிடுங்கள். காற்றில்லாத பைக்குள், ஃப்ரிட்ஜ் குளிரிலேயே கொடிய நச்சு உண்டாக்கக்கூடிய பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வகை ஒன்று மீனில் இருக்க வாய்ப்புண்டு. பையை முழுதாகத் திறந்து, துண்டை ஒரு தட்டில் வைத்து, மேலே தளர்வாக மூடி வையுங்கள்.