மீனைப் பார்க்கும் முன் தொட்டியைப் பாருங்கள்: பெரிய தொடர் கடைகளில் மீன் வாங்குவோருக்கான செய்முறை விளக்கம்

பல கிளைகளுடன் இயங்கும் பெரிய செல்லப்பிராணிக் கடைகளில், நாய் உணவு மூட்டைகளையும் பூனை மணலையும் தாண்டிச் சென்றால், சுவர் முழுக்க அடுக்கடுக்காக ஒளிரும் மீன் தொட்டிகளைப் பார்க்கலாம். அங்கே வாங்கிய மீன் ஒரே வாரத்தில் செத்து மிதந்தால், புதிதாக வளர்ப்பவர்கள் தங்கள் கைராசியைத்தான் நொந்துகொள்கிறார்கள். சில நேரங்களில் தவறு வீட்டில் நடந்திருக்கும். ஆனால் பல நேரங்களில், பிளாஸ்டிக் பைக்குள் போகும்போதே அந்த மீன் பிழைக்க முடியாத நிலையில் இருந்திருக்கும்.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவை 6 நியான் டெட்ராக்கள். ஒரு தொடர் கடையில் அவற்றை வாங்கியபோது, அதே தொட்டியின் மூலையில் இரண்டு மீன்கள் இறந்து கிடந்ததைப் பார்த்தேன். மற்றவை துடிப்பாக நீந்துகின்றனவே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, அன்று மாலையே அவற்றை வீட்டுத் தொட்டியில் விட்டேன். நான்காம் நாள் துடுப்புகளில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. இரண்டு வாரங்களில், எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்துவந்த என் பழைய மீன்களும் போய்விட்டன. கடையை மட்டும் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. பிணத்தைக் கண்ணால் கண்ட பிறகும் காசு கொடுத்தது நான்தான்.

படி 1: வீட்டுத் தொட்டியை முதலில் தயார் செய்யுங்கள்

தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் ஒரே பில்லில் விற்க முன்வரும் கடையை அந்த இடத்திலேயே சந்தேகிக்கலாம். மீன் தன் செவுள்கள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு; நைட்ரேட்டின் தீங்கு அவற்றைவிட மிகக் குறைவு, அதைத் தண்ணீர் மாற்றியே கட்டுப்படுத்திவிடலாம். இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும், இதைத்தான் மீன் வளர்ப்போர் சைக்கிளிங் என்கிறார்கள். மீன் இல்லாத தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு அமோனியாவைச் சேர்த்து, அது 24 மணி நேரத்துக்குள் நைட்ரைட்டாகக்கூடத் தங்காமல் முழுவதும் மறைந்துவிடுகிறதா என்று டெஸ்ட் கிட்டால் சோதியுங்கள். மறைந்த பிறகு கடைக்குக் கிளம்பலாம்.

படி 2: ஒரு தொட்டியை அல்ல, அடுக்கு முழுவதையும் பாருங்கள்

பெரும்பாலான தொடர் கடைகளில் ஒவ்வொரு தொட்டிக்கும் தனி ஃபில்டர் கிடையாது. ஓர் அடுக்கிலுள்ள அத்தனை தொட்டிகளின் நீரும் கீழே இருக்கும் பொதுத் தொட்டிக்கு வடிந்து, அங்கே வடிகட்டப்பட்டு, மறுபடி எல்லாத் தொட்டிகளுக்கும் ஏறுகிறது. பராமரிப்புக்கு இது மிகவும் வசதியான ஏற்பாடு, நோய்க்கும் அப்படித்தான். நீரின் வழியில் புற ஊதா விளக்கு பொருத்தியிருந்தால் கிருமிகள் குறையுமே தவிர, அடியோடு ஒழிந்துவிடா.

எனவே நீங்கள் விரும்பும் மீன் மேல் வரிசையில் இருந்தாலும், கீழ் வரிசைத் தொட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இறந்த மீன்கள் நடுவில் மிதப்பது அரிது. நீர் வெளியேறும் வாயிலும், செடிகளுக்கு அடியிலும், அலங்காரப் பொருட்களின் பின்னாலும்தான் கிடக்கும். நூற்றுக்கணக்கான மீன்கள் வந்துபோகும் இடத்தில் ஒன்றிரண்டு இறப்பது இயல்பே. ஆனால் பிணம் வெளுத்துப் பஞ்சுபோல் ஆகியிருந்தாலோ, மற்ற மீன்கள் அதைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தாலோ, பல மணி நேரமாக அந்தப் பக்கம் யாருமே எட்டிப்பார்க்கவில்லை என்று பொருள்.

ஒரு தொட்டியில் ‘சிகிச்சையில் உள்ளது, விற்பனைக்கு இல்லை’ என்ற அட்டை தொங்கினால் புதியவர்கள் மிரண்டுபோகிறார்கள். எனக்கோ அது நம்பிக்கை தரும் காட்சி, ஏனென்றால் அங்கே யாரோ கவனிக்கிறார்கள். ஒன்றை மட்டும் கேளுங்கள்: அந்தத் தொட்டியைப் பொது நீரோட்டத்திலிருந்து துண்டித்துவிட்டார்களா? துண்டிக்காமல், அதே நீர் ஓடும் பக்கத்துத் தொட்டி மீனை விற்கிறார்கள் என்றால், அந்த அட்டை வெறும் காகிதம்தான்.

படி 3: பத்து நிமிடம் அசையாமல் நின்று கவனியுங்கள்

கண்ணாடியைத் தட்டாதீர்கள். முதலில் மூச்சைப் பாருங்கள். செவுள் மூடி நிதானமாகத் திறந்து மூட வேண்டும். வேகமாக அடித்துக்கொண்டாலோ, மீன்கள் கூட்டமாக நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றாலோ, நீரில் ஏதோ கோளாறு இருக்கிறது. நைட்ரைட் மிகுந்த நீரில் மீனின் இரத்தம் பழுப்பு நிறமாகி, ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. அந்த நிலையில் ஏர் பம்ப் எவ்வளவு குமிழ் விட்டாலும் மீன் திணறிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்துத் துடுப்புகள். அவை விரிந்திருக்க வேண்டும், உடலோடு ஒட்டி மடிந்திருக்கக் கூடாது. உடலைக் கற்களில் உரசிக்கொள்ளும் மீனுக்கு ஒட்டுண்ணித் தொல்லை இருக்கலாம். கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கும்போது உடலில் பொன்துகள் படிந்ததுபோல் மின்னினால், அது வெல்வெட் என்னும் ஒட்டுண்ணி நோயின் அடையாளம். கப்பி, மோலி வகைகளில் கழிவுத் துவாரத்தில் சிவப்பு நூல்போல் ஏதேனும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், அது கேமலானஸ் என்னும் குடற்புழுவாக இருக்க வாய்ப்புண்டு. வயிறு ஒட்டிப்போன மீனை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கடைசியாக, கொஞ்சம் தீவனம் போடச் சொல்லிக் கேளுங்கள். தீவனத்துக்கு ஓடிவராத மீன், வீட்டுக்கு வந்தபின் உங்களுக்காக ஓடிவரப்போவதில்லை.

படி 4: ஃபைட்டர் மீன்களின் கோப்பையைக் கையில் எடுங்கள்

பெட்டா எனப்படும் ஃபைட்டர் மீன்களைத் தேநீர்க் கோப்பை அளவிலான பிளாஸ்டிக் டப்பாக்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். இந்த மீனுக்குச் செவுளோடு கூடுதலாக, காற்றிலிருந்து நேரடியாகச் சுவாசிக்கும் ஓர் உறுப்பும் உண்டு. மற்ற மீன்கள் மூச்சுமுட்டிச் செத்துவிடும் டப்பாவில் இது உயிரோடிருப்பது அதனால்தான். சாகாமல் கிடப்பதை நலமாக வாழ்வதாக எடுத்துக்கொண்டதில்தான் இந்த வழக்கமே பிறந்தது.

டப்பாவை மெல்ல எடுத்து, கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். அடியில் ஊதிப்போன தீவன உருண்டைகளும் கழிவும் படிந்திருக்கின்றனவா? அந்தச் சில நூறு மில்லிலிட்டர் நீரில் வெளியாகும் அமோனியாவுக்குப் போக்கிடமில்லை. செவுள்களையும் தோலையும் அரித்தபடி அங்கேயே தங்குகிறது. நீர் நீலமாக இருந்தால் பதற வேண்டாம், மருந்து கலந்த நீராக இருக்கக்கூடும். வால் விளிம்பு கறுத்தோ சிவந்தோ கிழிந்திருந்தால் துடுப்பழுகல் தொடங்கியிருக்கலாம். டப்பாவைத் தொட்டுப் பாருங்கள்: இந்த மீனுக்கு 25 முதல் 27 டிகிரி வரை இளஞ்சூடு வேண்டும், குளிரூட்டிய கடையில் ஹீட்டர் இல்லாத டப்பாவோ உள்ளங்கையில் சில்லென்று உறைக்கும். இரண்டு ஆண் மீன்களின் டப்பாக்கள் உரசியபடி இருந்தால், அவை நாள் முழுக்க ஒன்றையொன்று பார்த்துச் சிலிர்த்துச் சிலிர்த்தே களைத்துவிடும்.

விரலை டப்பாவுக்கு அருகே மெதுவாகக் கொண்டுபோங்கள். நலமாக உள்ள ஃபைட்டர் திரும்பி விரலைப் பார்க்கும், சில செவுளை விரித்து முறைக்கவும் செய்யும். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் மீன், விரல் இருப்பதையே கண்டுகொள்ளாது. வீட்டில் இந்த மீனுக்குக் குறைந்தது 20 லிட்டர் நீரும், மென்மையான ஃபில்டரும், ஹீட்டரும் கொடுங்கள்.

படி 5: ஊழியரிடம் கேட்க வேண்டியவை

‘இந்த மீன்கள் எப்போது வந்தன?’ என்பதுதான் முதல் கேள்வி. பயணத்துக்கு முன் பட்டினி போடப்பட்டு, கைமாறிக் கைமாறி வந்திறங்கிய மீனின் நோய் அன்றே தெரியாது. சில நாட்கள் கழித்துத்தான் வெளிப்படும். நேற்று வந்தவற்றை விட்டுவிட்டு, ஒரு வாரம் தாண்டியவற்றைக் கேளுங்கள். பிடித்த மீன் நேற்று வந்ததென்றால், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இரண்டாவது கேள்வி, அது எவ்வளவு பெரிதாக வளரும் என்பது. ‘தொட்டியைச் சுத்தம் செய்யும்’ என்று சொல்லி 5 செ.மீ. அளவில் விற்கப்படும் சாதாரண சக்கர் மீன் 30 செ.மீ.க்கு மேல் வளரும். கண்ணாடிக் கிண்ணத்துக்கு ஏற்றதென்று விற்கப்படும் கோல்டு ஃபிஷ்ஷை நன்றாகப் பராமரித்தால் பத்து ஆண்டுகளைத் தாண்டி வாழும். தொட்டிக்கு ஏற்றபடி மீன் தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மோசமான நீரில் வளர்ச்சி குன்றுவதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

பதில் தெரியாத ஊழியரிடம் கடுமை காட்ட வேண்டாம். காலையில் கல்லாவில் நின்ற பிள்ளையையே மதியம் மீன் பிரிவில் நிறுத்தியிருப்பார்கள்; எந்த மீனை எத்தனை வரவழைப்பது என்பதில் அவருக்கு எந்தப் பேச்சும் இருக்காது. ‘தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்’ என்பவர், வாய்க்கு வந்ததைச் சொல்பவரைவிட எவ்வளவோ மேல்.

படி 6: பரிதாபப்பட்டு வாங்காதீர்கள்

நோயுற்ற மீனை ‘காப்பாற்ற’ வாங்கும் எண்ணம் நல்ல மனத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் கடையின் கணினியில் அது விற்பனை என்றுதான் பதிவாகும். காலியான அந்த டப்பா அடுத்த சரக்கில் நிரம்பிவிடும். விற்காமல் இறந்த மீன் கடைக்கு நட்டம். பராமரிப்பை மாற்றச் சொல்லி அந்தக் கணக்கேட்டில் பேசுவது அந்த நட்டம் மட்டுமே. இப்படிச் சொல்வது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். எனக்கும் சாய்ந்து கிடக்கும் ஃபைட்டரைத் திரும்ப அடுக்கில் வைக்கும்போது கை கூசத்தான் செய்கிறது. வைத்துவிட்டு, படி 9-இல் சொல்வதைச் செய்கிறேன்.

படி 7: வீட்டுக்குக் கொண்டுவருதல்

பையை வெளிச்சம் படாமல் மூடி, நேராக வீட்டுக்கு வாருங்கள். கட்டை அவிழ்க்காமல் 15 முதல் 20 நிமிடம் தனிமைத் தொட்டியின் (படி 8) நீரில் மிதக்கவிட்டு, வெப்பநிலை சமமானதும் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள்; கடை நீர் ஒரு சொட்டுகூட உங்கள் தொட்டியில் கலக்க வேண்டாம்.

படி 8: தனிமைத் தொட்டி

மேலே சொன்ன சோதனைகள் அனைத்திலும் தேறிய மீனையும் நேராக முதன்மைத் தொட்டியில் விடக் கூடாது. 30 அல்லது 40 லிட்டர் தொட்டி, முதன்மைத் தொட்டியில் சில வாரங்கள் ஓடிப் பாக்டீரியா பிடித்த ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு துண்டுப் பிவிசி குழாய், இவை போதும். மணல் வேண்டாம், வெறும் கண்ணாடித் தளத்தில்தான் கழிவின் நிறமும் அளவும் தெரியும். குழாய் நீரென்றால் குளோரின் நீக்கியைக் கலந்த பிறகே ஊற்றுங்கள்.

குறைந்தது 4 வாரங்கள் அங்கேயே வைத்திருங்கள். வெள்ளைப் புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் வளர்ந்து, உதிர்ந்து, தளத்தில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். நீரில் நீந்தும் அந்தக் குஞ்சுப் பருவத்தில் மட்டுமே மருந்து அதைக் கொல்லும். புள்ளிகள் மறைந்ததும் மருந்தை நிறுத்துபவர்கள் தோற்பது இதனால்தான். மருந்துச் சீட்டில் குறித்த நாட்கள் முழுவதும் தொடருங்கள். இந்தத் தொட்டிக்கென்று தனி வலையும் தனி வாளியும் வைத்துக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது நீருக்குள் கைவிட வேண்டாம். மீன்களிடமிருந்து மனிதத் தோலுக்குத் தொற்றும் பாக்டீரியாக்களும் உண்டு.

படி 9: முறையிடுவது எப்படி

பில்லைப் பத்திரப்படுத்துங்கள், குறிப்பிட்ட நாட்களுக்குள் மீன் இறந்தால் மாற்று மீனோ பணமோ தரும் தொடர் கடைகள் பல உண்டு. அதற்கு உங்கள் நீரின் மாதிரியைக் கேட்டு, காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்து ‘நீர் நன்றாக இருக்கிறது’ அல்லது ‘மோசம்’ என்பார்கள். அந்தச் சொல்லை ஏற்காதீர்கள். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்குக்கும் எண்ணைக் கேளுங்கள். உங்கள் டெஸ்ட் கிட் காட்டிய எண்களையும் எழுதிக் கொண்டுபோங்கள்.

கடையின் நிலைமை குறித்து முறையிடுவதென்றால், கிளை மேலாளரிடம் நேரில் சொல்லிவிட்டு, தலைமை அலுவலகத்துக்கும் எழுதுங்கள். ‘மீன்களைக் கொடுமைப்படுத்துகிறீர்கள்’ என்று எழுதினால் மன்னிப்புக் கேட்டு ஒரு பொதுவான பதில் வரும். அதற்குப் பதிலாக, தேதி, நேரம், தொட்டி எண், கண்ட பிணங்களின் எண்ணிக்கை, ஊழியர் சொன்ன பதில் ஆகியவற்றை எழுதி, அனுமதியோடு எடுத்த படத்தையும் இணையுங்கள். ஊழியரின் பெயர் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அதே அடுக்கின் முன் மறுபடியும் பத்து நிமிடம் நில்லுங்கள். நீர் வெளியேறும் வாய் சுத்தமாக இருந்து, செவுள்கள் நிதானமாக அசைந்து, துடுப்புகள் விரிந்திருந்தால், அன்று அந்தக் கடையிலேயே வாங்குங்கள்.