குரலிசை கேட்க ஹெட்போன் தேர்ந்தெடுப்பது எப்படி?

குரலிசைக்காக ஹெட்போன் வாங்குபவர் முதலில் கவனிக்க வேண்டியது இடைநிலை அதிர்வெண்களை. பாடும் குரலின் அடிப்படைச் சுருதிகள் பெரும்பாலும் 80 முதல் 1,100 ஹெர்ட்சுக்குள் அடங்கினாலும், சொற்களைத் தெளிவாக்கும் மெய்யொலிகளின் கூர்மை 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியையே பெரிதும் சார்ந்திருக்கிறது. பேஸ் (தாழ்ந்த ஒலிகள்) மிகுந்த ஹெட்போனில் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை தூக்கலாக இருந்தாலோ 'ஸ', 'ஷ' ஒலிகள் சீறிக் காதைக் குத்தும்.

ஆகவே, நன்கு பழகிய பாடல் ஒன்றை, இயன்றால் ஆண்குரலும் பெண்குரலும் சேர்ந்து ஒலிப்பதாக, மிதமான ஒலியளவில் கேட்டுப் பாருங்கள். பாடுபவர் மூச்சிழுக்கும் ஓசையும், சொல்லின் இறுதி மெய் அடங்கும் விதமும், குரலின் நுண்ணிய அசைவுகளும் முயற்சியின்றிச் செவிக்கு எட்ட வேண்டும். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவையும் சமமாக வைப்பது மிக முக்கியம். சற்று உரக்க ஒலிப்பதையே சிறந்ததென்று காது நம்பிவிடும். பலர் ஏமாறும் இடம் இதுவே என்பது என் கணிப்பு.

அமைதியான அறையில் தனியே கேட்பவருக்குக் காதுமூடியின் பின்புறம் திறந்த வகையையே பரிந்துரைப்பேன். அதில் குரல் இயல்பாக விரிகிறது. ஒலி வெளியே கசியும் என்பதால் பயணத்துக்கு மூடிய வகையே பொருந்தும். 250 ஓம் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ஹெட்போன் தரும் எதிர்ப்பு) கொண்டவற்றுக்குப் பெரும்பாலும் தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும். செல்பேசியில் நேரடியாகக் கேட்பவருக்கு 32 ஓம் அளவே வசதியானது.