எந்த டேப்பிலிருந்து? பழைய புரோக் ராக் ஆல்பங்களின் டீலக்ஸ் பதிப்பு வாங்குகிறவர்களுக்கு

சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். காலண்டர், நோட்டு அட்டை, பட்டாசு லேபிள் எல்லாம் அடித்திருக்கிறோம். பழைய படம் ஒன்றைத் திரும்ப அச்சடிக்க வேண்டும் என்று யாராவது வந்தால் எங்கள் முதல் கேள்வி, "பாசிட்டிவ் இருக்கா, இல்ல அச்சான தாள்தான் இருக்கா?" என்பதுதான். பாசிட்டிவ் என்பது அச்சுத் தகடு செய்யப் பயன்படும் ஃபிலிம். நான்கு நிறத்துக்கும் தனித்தனிப் பாசிட்டிவ் இருந்தால் சிவப்பை மட்டும் குறைக்கலாம், நீலம் விலகியிருந்தால் ரிஜிஸ்டர் சேர்க்கலாம். அச்சான தாள் மட்டும் இருந்தால் ஸ்கேன் எடுத்து மொத்தமாகப் பளிச்சென்று ஆக்கலாம், அவ்வளவுதான் முடியும்.

புரோக் ராக் என்பது நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை. அதன் பழைய ஆல்பங்களைக் கூடுதல் டிஸ்க், புத்தகம் எல்லாம் சேர்த்துத் திரும்ப வெளியிடும் டீலக்ஸ் பெட்டியை வாங்கப் போகிறவர்களுக்கும் நான் சொல்வது இதே கேள்வியைத்தான். விலையைப் பார்க்கும் முன், எத்தனை டிஸ்க் என்று எண்ணும் முன், எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள்.

ஸ்டூடியோவில் டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் பல ட்ராக் டேப்பில் தனித்தனியாகப் பதிவாகும். அவற்றைக் கலந்து இடது, வலது என்று இரண்டு ட்ராக்குக்குக் கொண்டுவருவது மிக்ஸ். அந்த இரண்டு ட்ராக் டேப்தான் நம் அச்சான தாள். ரீமாஸ்டர் என்று போட்டிருந்தால் அந்தத் தாளிலிருந்து வேலை செய்திருக்கிறார்கள். ரீமிக்ஸ் என்று போட்டிருந்தால் தனித்தனிப் பாசிட்டிவ் வரை திரும்பிப் போயிருக்கிறார்கள். இரண்டில் ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் வேறு வேலை, அதனால் விலையும் எதிர்பார்ப்பும் வேறாக இருக்க வேண்டும்.

ஜெத்ரோ டல் குழுவின் 'அக்வாலங்' 1971-இல் வந்தது. லண்டன் பேசிங் ஸ்ட்ரீட்டில், பழைய தேவாலயம் ஒன்றை மாற்றிக் கட்டிய ஐலண்ட் ஸ்டூடியோவில் பதிவானது. பாடல்கள் அத்தனையும் தங்கம், ஆனால் ஒலி மட்டும் ஈரத்துணி போர்த்தியதுபோல் இருக்கும். என்னிடம் இருந்த பழைய ரீமாஸ்டர் சிடியில் டிரம்ஸின் சிம்பல் தட்டுச் சத்தம் கூர்மையானது, துணி போகவில்லை. 2011-இல் ஸ்டீவன் வில்சன் என்ற இசைக் கலைஞர் பல ட்ராக் டேப்பிலிருந்து புதிதாக மிக்ஸ் செய்த பதிப்பு வந்தது. அதில் அக்கூஸ்டிக் கிட்டாரின் கம்பியை விரல் தொடும் சத்தம் கேட்டது. பாடகர் இயன் ஆண்டர்சனின் குரல் ஒரு கை தூரத்துக்கு வந்துவிட்டது. அன்று இரவு அதே பக்கத்தை மூன்று முறை கேட்டேன். இந்த ஆல்பத்துக்கு ரீமிக்ஸ் வாங்குவது வீண் இல்லை என்று யாரிடமும் சொல்வேன்.

கிங் கிரிம்சனின் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' இன்னும் நுணுக்கமான விஷயம். 1969-இல் வெசெக்ஸ் ஸ்டூடியோவில் எட்டு ட்ராக் இயந்திரத்தில் பதிவு செய்தார்கள். எட்டும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு டேப்பில் இறக்கி, அதன்மேல் மெலட்ரானையும் (டேப்பில் பதிந்த ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) மற்றதையும் அடுக்கினார்கள். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் கொஞ்சம் தெளிவு போகும். நகலிலிருந்து நகல் எடுத்தால் எழுத்து தடித்து மங்குவதுபோலத்தான். 2009-இல் வெளியான நாற்பதாம் ஆண்டுப் பதிப்புக்காக குழுவின் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப்பும் வில்சனும் இறக்குவதற்கு முந்தைய டேப்களைத் தேடி எடுத்து, கணினியில் ஒன்றோடு ஒன்று பொருத்தி மிக்ஸ் செய்தார்கள். 'எபிடாஃப்' பாடலில் மைக்கேல் ஜைல்ஸின் டிரம்ஸைக் கேளுங்கள். முன்பு மெலட்ரானுக்கு அடியில் கிடந்த மெல்லிய அடிகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஆனால் அந்த மிக்ஸில் 'மூன்சைல்ட்' பாடலின் நடுவே வரும் நீண்ட, முன்கூட்டி எழுதாத கற்பனை வாசிப்பைக் குறைத்திருக்கிறார்கள். முழு வடிவம் அதே தொகுப்பில் போனஸாக உண்டு. பாட்டு தெரிந்த காது திடுக்கிடாமல் இருக்கச் சொல்லி வைக்கிறேன்.

ரீமிக்ஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். பல ட்ராக் டேப் எல்லா ஆல்பத்துக்கும் மிஞ்சவில்லை. ஜென்டில் ஜெயன்ட் குழுவின் முதல் மூன்று ஆல்பங்களுக்கு அப்படித்தான் ஆனது. கிடைத்த டேப்களில் இருந்த பாடல்களை மட்டும் வில்சன் மிக்ஸ் செய்ய, 2017-இல் 'த்ரீ பீஸ் ஸ்வீட்' என்ற தொகுப்பாக வந்தது. மூன்று ஆல்பமும் முழுதாகப் புது மிக்ஸில் கிடைக்கும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். அதனால் பின்னட்டையில் பாட்டுவாரியாகப் படியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ரீமிக்ஸ் ஆனாலும் கடைசியில் சத்தத்தை இறுக்கிவிட்டால், அதாவது மெல்லிய ஒலியையும் பலத்த ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், பயன் பாதி போய்விடும். 2007, 2008-இல் நிக் டேவிஸ் மிக்ஸில் வந்த ஜெனசிஸ் குழுவின் ஆல்பங்களைப் பற்றி ரசிகர்கள் பலர் குறைபட்டது இதைத்தான். கருவிகள் தெளிவாகப் பிரிந்தன, ஆனால் மெல்லியதும் பலத்ததும் நெருங்கிவிட்டன.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு த எட்ஜ்' இதற்கு வாகான ஆல்பம். 1972-இல் வந்தது. தலைப்புப் பாடல் மட்டுமே 18 நிமிடம் 43 விநாடி. தொடக்கத்தில் பறவைச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் எங்கோ தூரத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏறும். பிறகு ஐந்து பேரும் ஒரே நொடியில் பாய்வார்கள். அந்தப் பாய்ச்சலில் நாற்காலியில் நிமிர வேண்டும். சத்தத்தை இறுக்கிய பதிப்பில் பறவைகளே பலமாக இருக்கும், அதனால் பாய்ச்சல் வெறும் தொடர்ச்சி ஆகிவிடும்.

சோதிக்கும் முறை இதுதான். இரண்டு பதிப்பிலும் பாடலின் அதே ஒரு நிமிடத்தை எடுங்கள், குரல் வரும் இடமாக இருந்தால் நல்லது. பலமாகக் கேட்பதன் வால்யூமைக் குறைத்து, பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்வரை கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிடவே கூடாது. கொஞ்சம் பலமாக இருப்பது எதுவானாலும் காது அதையே நல்லது என்று சொல்லிவிடும். கணினியில் கேட்பவர்கள் ஃபூபார்2000 என்ற பிளேயர் மென்பொருளில் ரீப்ளேகெயின் வசதியைப் போட்டால் அதுவே அளவைச் சமன் செய்யும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து அலை வடிவத்தையும் பாருங்கள். மேடும் பள்ளமுமாக இருந்தால் நிம்மதி, மேலும் கீழும் வெட்டிவிட்ட செங்கல் மாதிரி தெரிந்தால் இறுக்கியிருக்கிறார்கள்.

சமன் செய்த பிறகு அதே பாடலின் நடுப்பகுதிக்குப் போங்கள். குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மேனின் தேவாலய ஆர்கன் எழும் இடம். லண்டனில் செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தின் ஆர்கனில் வாசித்தது அது. நல்ல பதிப்பில் ஆர்கனின் அடி ஸ்வரம் கேட்பதற்கு முன் நெஞ்சில் தட்டும், மேலே எவ்வளவு உயரமான கூரை என்றும் தெரியும். வில்சன் மிக்ஸில் 2013-இல் வந்த பதிப்பை நான் சிபாரிசு செய்வது இன்னொரு காரணத்துக்காகவும்தான். பழைய ஸ்டீரியோ மிக்ஸையும் எந்தத் திருத்தமும் இல்லாமல் அதே டிஸ்க்கில் கொடுத்திருக்கிறார்கள். இதைத்தான் ஃப்ளாட் டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள். புதியது பிடிக்கவில்லை என்றாலும் காசு வீணாகாது. எந்தப் பெட்டியிலும் இந்த வார்த்தையைத் தேடுங்கள்.

சரி, எந்த வடிவத்தை வாங்குவது? வீட்டில் 5.1 ஸ்பீக்கர் (சுற்றி வைக்கும் ஐந்தும் ஒரு சப்வூஃபரும்) இல்லை என்றால் சுற்றிலும் கேட்கும் சரவுண்ட் மிக்ஸுக்காகப் பெரிய பெட்டி வேண்டாம். சிடியோடு ஒரு டிவிடியோ ப்ளூ-ரேயோ வரும் சின்னப் பதிப்பு போதும். இரண்டில் ப்ளூ-ரேயை எடுங்கள், எந்த ப்ளூ-ரே பிளேயரிலும் முழுத் தரத்தில் ஓடும். டிவிடி-ஆடியோ அப்படி இல்லை. சாதாரண டிவிடி பிளேயரில் டிடிஎஸ் போன்ற, சுருக்கிய ஒலி ட்ராக்தான் ஓடும், இழப்பில்லாத ட்ராக் வேண்டும் என்றால் அதற்கென்றே உள்ள பிளேயர் வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் மற்ற சாமான்களைப் பற்றிச் சொல்வதானால், 2011-இல் வந்த பிங்க் ஃப்ளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' இம்மர்ஷன் பெட்டியில் கோலிக்குண்டும் ஸ்கார்ஃபும் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் பொக்கிஷம் அந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் செய்த பழைய நான்கு சேனல் மிக்ஸ். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கப்போவது எது என்று பார்த்து வாங்குங்கள்.

அட்டையையும் புத்தகத்தையும் நான் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன், அது தொழில் பழக்கம். ஒருமுறை மிக விலையான பெட்டி ஒன்றை வாங்கினேன், பெயர் வேண்டாம். அட்டைப் படத்தில் வானம் முழுக்கச் சதுரம் சதுரமாக அலை ஓடியது. பழைய எல்பி உறையை அப்படியே ஸ்கேன் செய்து, புள்ளியின் மேல் புள்ளி அடித்ததால் வந்த மொய்ரே அது. சிடியைப் போட்டுப் பார்த்தேன், என்னிடம் ஏற்கெனவே இருந்த அதே ரீமாஸ்டர்தான், கொஞ்சம் சத்தம் கூட்டியிருந்தார்கள். அட்டைக்கு மூலத்தைத் தேடாதவர்கள் டேப்புக்கும் தேடவில்லை. அன்றிலிருந்து உள்பக்கப் படங்கள் கிடைத்தால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். நேர்மாறாக ஜெத்ரோ டல்லின் 'திக் அஸ் எ பிரிக்' 2012 பதிப்பைச் சொல்லலாம். 1972 எல்பியின் உறையே 12 பக்கச் செய்தித்தாள். கெட்டி அட்டைப் புத்தகமாக வந்த இந்தப் பதிப்பில் அதைத் திரும்பப் படிக்க முடிகிறது.

பார்சல் வந்ததும் பிரிப்பதைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். டிஸ்க்கை விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளை மாதிரி வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு டிஸ்க்கையும் முதல் வாரத்திலேயே கடைசிவரை ஓட்டிவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு தாண்டிய பிறகு ஏழாவது டிஸ்க் திக்கினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பழைய சிடியை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு 'க்ளோஸ் டு த எட்ஜ்' முதலில் கிடைத்தது 1989-இல், அண்ணனின் நண்பர் சி-60 கேசட்டில் பதிந்து கொடுத்தபோது. முதல் பக்கத்தில் அந்த ஒரே பாட்டு, அதன் பிறகு பதினொரு நிமிடம் வெறும் இரைச்சல். பேஸ் எங்கே, கிட்டார் எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியாது. வில்சனின் மிக்ஸில் யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயர் வாசித்த பேஸ் முதன்முறையாகத் தனியாகக் கேட்டபோது அது எவ்வளவு புதிது என்று எனக்குத் தெரிந்ததே, அந்தக் கேசட் இன்னும் காதில் இருந்ததால்தான்.