முதன்முறை சமைப்போருக்கு ஒரு சைவ இரவு விருந்து: எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பும் பலாப்பழப் பாயசமும்

கறியோ மீனோ சேரும் குழம்பில் எலும்பும் கொழுப்பும் கொதிக்கக் கொதிக்கத் தாமே சாற்றில் இறங்கிச் சுவை கூட்டிவிடும். சைவக் குழம்பில் அந்த வேலையைப் புளியும் நல்லெண்ணெயும் வறுத்து அரைத்த மல்லியும் பருப்பும் பகிர்ந்துகொள்கின்றன; அவை தம் வேலையைச் செவ்வனே செய்ய வேண்டுமானால், எது முன்னால் சட்டியில் விழ வேண்டும், எது பின்னால் விழ வேண்டும் என்ற வரிசை பிசகக் கூடாது. நான் சமைக்கத் தொடங்கிய நாட்களில் கத்தரிக்காயையும் புளிக்கரைசலையும் ஒன்றாகவே அடுப்பேற்றி, அரை மணி நேரம் கொதித்த பிறகும் காய் விறைப்பாகவே இருப்பதைக் கண்டு கலங்கியிருக்கிறேன். அளவில் பிழையில்லை, வரிசையில்தான் பிழை. ஆகவே இங்கே அளவுகளோடு காரணங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். நான்கு பேருக்கான இந்த விருந்தைச் சமைத்து முடிக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்

முதலில் 30 கிராம் புளியை, அதாவது சிறிய எலுமிச்சம்பழ அளவு, வெந்நீரில் ஊற வையுங்கள். அது ஊறும் நேரத்தில் பாயசத்தை முடித்துவிடலாம். பாயசம் ஆற ஆறச் சுவை கூடும் என்பதால் அதை முதலில் செய்வதே நல்லது. குழம்பு அடுப்பில் கொதிக்கும் வேளையில் சோற்றைக் குக்கரில் வைத்துக்கொள்ளலாம்.

பலாப்பழப் பாயசம்

பலாவில் வருக்கை, கூழன் என இரு வகை உண்டு. வருக்கையின் சுளை கெட்டியாக, கடிக்கத் தகுந்ததாக இருக்கும். கூழனின் சுளை குழைந்து நாராக இருக்கும். பாயசத்துக்கு வருக்கையே ஏற்றது. கோடையில் பண்ருட்டிப் பலா சந்தைக்கு வரும் மாதங்களில் இதைச் செய்தால் பழத்தின் மணமே பாதி வேலையைச் செய்துவிடும். முழுப் பழத்தை வாங்கினால், அறுக்கும் முன் கத்தியிலும் கைகளிலும் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதன் பால் பிசினாக ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது. முதன்முறை செய்பவர்கள் உரித்த சுளைகளாகவே வாங்குவது நலம்.

கொட்டை நீக்கிய சுளை 250 கிராம், வெல்லம் 200 கிராம், ஒரு முழுத் தேங்காய், நெய் 3 மேசைக்கரண்டி, ஏலக்காய் 4, சுக்குப்பொடி கால் தேக்கரண்டி ஆகியவை தேவை. தேங்காயிலிருந்து சில பற்களைத் தனியே கீறி வைத்துவிட்டு, மீதியைத் துருவி அரைக் கோப்பை வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் வருவது முதல் பால். அதே சக்கையில் மேலும் ஒன்றரைக் கோப்பை நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் வருவது இரண்டாம் பால். இரண்டையும் கலக்காமல் தனித்தனியே வையுங்கள்.

சுளைகளைப் பொடியாக நறுக்கி, சிறிது நீர் தெளித்துக் குக்கரில் இரண்டு விசில் வரும்வரை வேகவிட்டு மசித்துக்கொள்ளுங்கள். வெல்லத்தை அரைக் கோப்பை நீரில் கரைத்து, மண்ணும் தூசும் நீங்க வடிகட்டுங்கள். அடி கனமான உருளியில் இரண்டு மேசைக்கரண்டி நெய் விட்டு, மசித்த பழத்தையும் வெல்லக் கரைசலையும் சேர்த்துச் சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். பத்துப் பதினைந்து நிமிடங்களில் கலவை நிறம் இருண்டு, பளபளத்து, கரண்டியால் கோடு இழுத்தால் அடிப்பாத்திரம் ஒரு கணம் தெரியும் பதத்துக்கு வரும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பாயசம் வெறும் இனிப்புத் தண்ணீராகிவிடும். கன்னியாகுமரி மாவட்ட வீடுகளில் செய்யும் சக்கைப் பிரதமனின், அதாவது பலாப்பழப் பாயசத்தின், ஆழ்ந்த சுவை முழுவதும் இந்தக் கிளறலில்தான் இருக்கிறது.

பிறகு இரண்டாம் பாலைக் கால் கோப்பை அளவு எடுத்து வைத்துவிட்டு மீதியை ஊற்றி, ஐந்தாறு நிமிடங்கள் மெல்லக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். அணைத்த பின்னரே முதல் பாலை ஊற்ற வேண்டும். தேங்காய்ப் பாலில் எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்கக் காரணம் அவற்றைப் பிணைத்து நிற்கும் புரதம். கொழுப்பு மிகுந்த முதல் பாலைக் கொதிக்கவிட்டால் அந்தப் பிணைப்பு குலைந்து, பால் திரிதிரியாகிவிடும். பசும்பாலை வெல்லத்தோடு கொதிக்கவிட்டாலும் திரிந்துபோக வாய்ப்பு அதிகம் என்பதால் அதை இங்கே மாற்றாகப் பயன்படுத்த வேண்டாம். ஏலக்காய்ப் பொடியும் சுக்குப்பொடியும் தூவி, மீதமுள்ள நெய்யில் தேங்காய்ப் பற்களைச் சிவக்க வறுத்துச் சேர்த்து மூடி வையுங்கள்.

எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு

கால் கிலோ சிறிய கத்தரிக்காய் வேண்டும். தோல் மினுமினுப்பாகவும் காம்பு பச்சையாகவும் இருப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். முற்றிய காயில் விதை பெருத்துக் கசக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் வாங்கத் தயங்காதீர்கள். காம்பிலுள்ள முள்ளை மட்டும் கவனித்துக் கையாளுங்கள். காம்பை நீக்காமல், அடிப்பக்கத்திலிருந்து நான்காகக் கீறி, கறுக்காமல் இருக்க உப்பு நீரில் போட்டு வையுங்கள்.

அடுத்து மசாலா. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடலைப்பருப்பு 1 மேசைக்கரண்டி, மல்லி விதை 2 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, மிளகும் சீரகமும் அரைத் தேக்கரண்டி வீதம் என்ற வரிசையிலேயே சேர்த்துச் சிறு தீயில் வறுங்கள். பருப்பு சிவக்க நேரம் பிடிக்கும், சீரகம் நொடியில் கருகும். இறுதியில் 3 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலைச் சேர்த்துப் புரட்டி, ஆறவிட்டு, நீர் தெளித்து மையாக அரைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது காயை நீரிலிருந்து எடுத்து, ஈரம் போகத் துடையுங்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும். சட்டியில் 5 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் காயைப் போட்டு, மூடி, அவ்வப்போது திருப்பிவிட்டுப் பத்து நிமிடங்கள் வதக்குங்கள். கத்தரிக்காய் முதலில் பஞ்சுபோல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்; அதைப் பார்த்து மேலும் எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே வெந்து தளர்ந்ததும் உறிஞ்சியதில் ஒரு பகுதியைத் தானே வெளியே விடும். காம்பருகே கத்தி எளிதில் இறங்கினால் காயைத் தனியே எடுத்து வையுங்கள். புளி சேரும் முன்பே காய் வெந்துவிட வேண்டும், ஏனெனில் காயின் சதையைப் பிணைத்திருக்கும் பெக்டின் புளிப்பான நீரில் எளிதில் கரைவதில்லை.

அதே எண்ணெயில் கடுகு வெடித்ததும் கால் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, சிறிது பெருங்காயம் சேருங்கள். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டினால் குழம்பு முழுதும் கசக்கும். உரித்த சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல் ஆகியவற்றைச் சேர்த்துச் சுருள வதக்கி, நறுக்கிய தக்காளி ஒன்றும் மஞ்சள்தூளும் சேர்த்துக் குழைய விடுங்கள். புளியை இரண்டரைக் கோப்பை நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றி, உப்பிட்டு, பச்சை வாசனை போகும்வரை பத்து நிமிடங்கள் கொதிக்கவிடுங்கள். அதன் பிறகே அரைத்த மசாலாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். முன்னரே ஊற்றினால் குழம்பு கெட்டிப்பட்டு அடி பிடிக்கும், புளியின் பச்சை வாசனையும் தங்கிவிடும். மசாலா ஐந்து நிமிடங்கள் கொதித்ததும் கத்தரிக்காயை மெல்ல இறக்கி, நெல்லிக்காய் அளவு வெல்லம் சேர்த்து, சிறு தீயில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை வைத்திருந்து இறக்குங்கள்.

சூடான சோற்றில் ஊற்றிச் சாப்பிட, சுட்ட அப்பளமும் கெட்டித் தயிரும் போதும். குழம்பு மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். காய்க்குள் புளியும் காரமும் இறங்க ஓர் இரவு தேவைப்படுகிறது. பாயசம் பரிமாறும் நேரத்தில் இறுகியிருந்தால், எடுத்து வைத்த இரண்டாம் பாலை லேசாகச் சூடாக்கி ஊற்றி இளக்கிக்கொள்ளுங்கள். பலாக்கொட்டைகளை எறிந்துவிடாமல் இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். மேல்தோலை உரித்து வேகவைத்துச் சாம்பாரில் போட்டால், உருளைக்கிழங்கைவிட எனக்கு அதுவே பிடிக்கும்.