தோட்ட மண்ணில் உயிர் இருக்கிறதா? பழைய வேட்டித் துண்டு சொல்லும்

ஒரு கரண்டி நல்ல மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாம் உழுவது, எரிப்பது, பசளை போடுவது எல்லாம் அவற்றைத் தாக்கும். அவை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவை செய்யும் வேலையைப் பார்க்கலாம், ஆய்வுகூடம் தேவையில்லை. பருத்தித் துணியைப் புதைத்தால் அவை அதைத் தின்று உக்கவைக்கும்; எவ்வளவு உக்கியது என்று பார்த்தால் போதும்.

படி 1: இடம்

திருகோணமலையில் என்றால் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மேட்டுக்காணி நல்லது. தம்பலகாமத்தில் தண்ணீர் கட்டிய வயல் வேண்டாம்; காற்றில்லாத சேற்றில் துணி மெதுவாகத்தான் உக்கும். ஒரே மண், ஒரே தண்ணீர் உள்ள இரண்டு பாத்தி எடுங்கள். ஒன்றில் பயிர்க்கழிவை எரியுங்கள், மற்றதில் அதையே மூடாக்காகப் பரப்புங்கள். உழவு, பசளை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் மாற்றினால் எது காரணம் என்று பிறகு தெரியாது.

படி 2: துணி

தனிப் பருத்தியாக இருக்கவேண்டும். பொலியெஸ்டர் கலந்தது உக்காது. ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி, காயவைத்து, நிறுத்து எழுதி வையுங்கள்.

படி 3: புதைத்தல்

மாரி மழை தொடங்கி மண் ஈரமானதும் நாலு விரல் ஆழத்தில் புதையுங்கள். தடி நட்டு அடையாளம் வைக்க மறக்கவேண்டாம். இரண்டு மாதம் போகட்டும்.

படி 4: எடுத்துப் பார்த்தல்

மெதுவாகத் தோண்டி, காயவைத்து, மண்ணை உதறி நிறுங்கள். உயிருள்ள மண்ணில் துணி சல்லடையாகியிருக்கும். துணி ஓரத்தில் பொலியெஸ்டர் தையல் இருந்தால், சிலவேளை அந்த நூல் மட்டும் மிஞ்சும். எரித்த பாத்தியில் நுண்ணுயிர்களின் உணவு புகையாகப் போய்விட்டது. அங்கே துணி அதிகம் மிஞ்சுவதற்கே வாய்ப்பு.

ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். பருத்தியில் நைதரசன் மிகக் குறைவு, அதனால் யூரியா போட்ட பாத்தியிலும் துணி வேகமாக உக்கலாம். அதற்குத்தான் அடுத்த படி.

படி 5: கச்சான் வேர்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பாத்தி ஓரத்தில் நாலைந்து கச்சான் ஊன்றுங்கள். பூக்கும் நேரம் ஒரு செடியைப் பிடுங்காமல், மண்ணோடு கிளறி எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். கடுகளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் றைசோபியம் பக்டீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளை, பச்சை என்றால் அந்த வேலை நடக்கவில்லை. யூரியா கூடிய இடத்தில் முடிச்சே குறையும். கேட்காமலே நைதரசன் கிடைக்கும்போது செடி பக்டீரியாவுக்கு ஏன் சீனி கொடுக்கப்போகிறது?

அடுத்த போகத்தில் உழவை மட்டும் மாற்றிப் பாருங்கள். அடிக்கடி உழுதால் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை இழைகள் அறுந்துபோகும்.