பெரியவர்கள் படிக்கும் வாட்ஸ்அப் குழு: நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத நினைக்கும் பெண்களுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் பாடம் சொல்லித் தருகிறோம். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள் காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். ஞாயிறு போக மீதி ஆறு நாளும் அவர்களோடு பேச எங்களுக்கு இருக்கும் ஒரே வழி போன்தான். அதனால் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கினோம். அந்தக் குழு நடந்த விதத்தாலேயே முதல் வருடம் சிலர் படிப்பை விட்டுப் போனார்கள். முதியோர் கல்வி, தொழிற்பயிற்சி, தனித்தேர்வு என்று எதற்குக் குழு நடத்தினாலும் இதே தவறுகள் வரும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நாலு பேர் முன்னால் திருத்துவது. செக்கிங் வேலை பார்க்கும் ஒரு அக்கா ஒருநாள் இரவு கட்டுரை எழுதி, நோட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பாதிப் பக்கம் மங்கல், ஓரத்தில் அவருடைய கட்டைவிரல். நான் பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டு, ‘ல, ள, ழ கவனிக்கவும்’ என்று எழுதி அதே குழுவில் திருப்பிப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் இது தினமும் நடப்பதுதான். ஆனால் அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான் பிறகு சொன்னார்: “அவங்க லைன்ல வேலை பாக்கறவங்க ரெண்டு பேரு அந்த குரூப்புல இருக்காங்க டீச்சர். ஏழாவதோட நின்னது அவங்களுக்குத் தெரியாதுங்க. இவங்க சொல்லிக்கிட்டதே இல்லையாம்.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை தப்பாக எழுதினால், அது படிக்கிற பிள்ளை என்பார்கள். நாற்பது வயதில், கல்யாணத்துக்குப் பெண் வைத்திருப்பவர் தப்பாக எழுதினால் ஊர் அப்படிப் பார்ப்பதில்லை. அவர் இருபது வருடமாக மூடி வைத்திருந்ததை ஒரு சிவப்பு வட்டம் திறந்துவிட்டது. அப்புறம் நாங்கள் ஒரு முறையை வைத்துக்கொண்டோம். நோட்டுப் படம் தனியாக வரும், திருத்தமும் தனியாகப் போகும், அதுவும் குரல் பதிவாக. பலரும் செய்யும் பிழையாக இருந்தால், யாருடையது என்று தெரியாதபடி நானே புதிதாக ஒரு வாக்கியம் எழுதி அதைக் குழுவில் போட்டுப் பேசுவேன். பாராட்டுக்கும் இதே கவனம் வேண்டும். ஒருவரை மட்டும் தூக்கிவைத்துப் பேசிய அன்று மற்றவர்கள் நோட்டு அனுப்பத் தயங்கினார்கள்.

‘புரிஞ்சுதா?’ என்று குழுவில் கேட்பதும் இதைச் சேர்ந்ததுதான். வரிசையாகக் கட்டைவிரல் வரும், புரியாதவரிடமிருந்தும் வரும். அதைவிட ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்து விடையை மட்டும் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். யாருக்கு எங்கே இடறுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது, போன் யாருடையது என்று கேட்காமல் இருப்பது. குழுவில் உள்ள எண்களில் பல அந்தப் பெண்களுடையவை அல்ல, கணவருடையதோ மகனுடையதோதான். இரவு பத்தரைக்கு நாங்கள் போடும் குரல் பதிவைக் கணவர் முதலில் கேட்கிறார், ‘யாரு இந்நேரத்துக்கு’ என்ற கேள்வி வருகிறது, அதற்கு அந்தப் பெண் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சேர்க்கும்போதே மூன்று விஷயம் கேளுங்கள்: போன் யார் கையில் இருக்கும், எப்போது இவர் கைக்கு வரும், வீட்டில் படிப்பது தெரியுமா. மகன் போன் என்றால் மகனிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். எங்களுக்கு அப்படிப் பேசிய பையன்களில் சிலர் அம்மாவுக்குக் கணக்குச் சொல்லித் தரவே ஆரம்பித்துவிட்டார்கள். குழுவின் பெயரும் முக்கியம். பேருந்தில் போனை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படுவது அதுதான். ‘பள்ளி இடைநின்றோர் குழு’ என்று பெயர் வைக்காதீர்கள். எங்களுடையது இப்போது வெறும் ‘ஞாயிறு வகுப்பு’.

வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். இதைப் பெரிதாக நினைக்காமல், பாடம் எடுக்க ஆர்வம் காட்டிய ஒருவரை நாங்கள் விசாரிக்காமல் சேர்த்தோம். ஒரே வாரத்தில் இரண்டு பெண்களுக்கு அவரிடமிருந்து தேவையில்லாத செய்திகள் வந்தன. ஒருவர் எங்களிடம் சொன்னார். இன்னொருவர் சொல்லாமலேயே வெளியேறிவிட்டார். இணைப்பு லிங்க்கைப் பொதுவில் பகிராதீர்கள். புதியவர் யார் வந்தாலும் முதலில் வகுப்புக்கு நேரில் வரட்டும். டெலிகிராமில் எண்ணை மறைத்து வைக்கும் வசதி உண்டு. ஆனால் பழகிய ஆப்பை விட்டுப் புதிதாக ஒன்றைக் கற்கச் சொல்வது இவர்களுக்கு இன்னொரு பாடம் என்பதால் நாங்கள் மாறவில்லை.

அப்புறம், பாடத்தைக் கொட்டுவது. நாற்பது பக்க பிடிஎஃப், யூடியூப் லிங்க், யாரோ அனுப்பிய ‘முக்கிய வினாக்கள்’ என்று ஒரே நாளில் பத்து வரும். சின்னத் திரையில் பிடிஎஃப் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், போனில் இடமும் நிறைந்துவிடும். எது உதவியது என்றால் இதுதான்: பத்தாம் வகுப்புக் கணக்கில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண் இருக்கிறது. தேர்ச்சிக்கு வேண்டிய 35-ல் கிட்டத்தட்ட பாதி. வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதை முதலில் பன்னிரண்டு நிமிட வீடியோவாகப் போட்டோம், முழுதாகப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பிறகு அதையே ஆறு படங்களாக, ஒரு படத்துக்கு ஒரு கோடு அல்லது ஒரு வில் மட்டும் கூடும்படி எடுத்து, நாளுக்கு இரண்டாக மூன்று நாள் போட்டோம். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு படத்தைப் பார்த்து, இரவு ஒரு கோடு போட்டார்கள். கட்டிங் மேசையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பழகிய ஒரு பெண்ணுக்கு முதல் தடவையே வில் துல்லியமாக விழுந்தது. “இது பேட்டர்ன் மாதிரிதானுங்க டீச்சர்” என்றார். அவரையே குரல் பதிவில் அதைச் சொல்லச் சொன்னேன். பின்னால் தையல் மெஷின் சத்தத்தோடு வந்த அந்தப் பதிவை மற்றவர்கள் என் பதிவுகளைவிட அதிகம் கேட்டார்கள்.

அறிவிப்பைப் புதைய விடுவதால் ஒரு வருடமே போய்விடும். முதல்முறையாக எழுதும் தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து வகுப்புக்கும் போயாக வேண்டும். அந்தக் கடைசித் தேதி காலை வணக்கப் படங்களுக்கும் பண்டிகை வாழ்த்துக்கும் நடுவே எங்கோ போய்விட்டது, ஒருவர் பார்க்கவில்லை. அதற்காகக் குழுவைப் பூட்டி, நடத்துபவர் மட்டும் எழுதலாம் என்று ஒரு மாதம் வைத்துப் பார்த்தோம். குழு நோட்டீஸ் பலகை ஆகிவிட்டது, யாரும் திறக்கவில்லை. இப்போது அறிவிப்புக்கு ஒரு குழு, பேச்சுக்கு ஒரு குழு. தேதி உள்ள செய்தியை மேலேயே நிற்கும்படி ‘பின்’ செய்துவிடுகிறோம். அதோடு ஒவ்வொருவருக்கும் போன் போட்டும் சொல்லிவிடுகிறோம். இதில் கடைசியைத்தான் நான் நம்புகிறேன்.

பேசாதவர்களைக் குழுவிலிருந்து நீக்குவது இன்னொன்று. ஆறு மாதமாக ஒரு வார்த்தை எழுதவில்லை என்று சிலரை எடுத்துவிட்டேன். இரண்டு நாளில் ஒருவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். “நான் எதாவது தப்புப் பண்ணிட்டேனாங்க டீச்சர்?” குரல் பதிவை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதியைத் திறந்தால், யார் எப்போது கேட்டார்கள் என்று வாட்ஸ்அப் காட்டும். அவரை எடுப்பதற்கு முன் நான் அதைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் அவர் பெயர் இருந்தது, நேரம் விடியற்காலை நாலே முக்கால், நாலு ஐம்பது. அடுப்பு பற்றவைக்கும் நேரம். அன்றைக்கே மறுபடி சேர்த்தேன். இன்றுவரை ஒரு வரி எழுதியதில்லை, நானும் எழுதச் சொல்வதில்லை. நேற்றுப் போட்ட பதிவை இன்று காலை நாலு நாற்பத்தெட்டுக்குக் கேட்டிருக்கிறார்.