முத்துப்பழனியைக் கூத்தில் கொண்டுவருவது எப்படி

தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் (ஆட்சி: 1739–1763) அவையில் விளங்கிய தெலுங்குக் கவிஞர் முத்துப்பழனியை மேடையேற்ற விரும்பும் குழுக்களுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் மிகவும் பொருத்தமான களம். திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களும், ஓசூர், வேப்பனப்பள்ளி வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கு பேசுபவர்களும் ஒரே பந்தலில் வந்து அமர்வார்கள்.

எதை நாடகமாக்குவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அவருடைய 'ராதிகா சாந்த்வனம்' 584 செய்யுள்களைக் கொண்டது. தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்கு மணமுடித்து வைத்துவிட்டு, பிறகு அந்தப் பிரிவைத் தாங்க முடியாமல் சினக்கும் ராதையைக் கண்ணன் தேற்றுவதே அதன் கதை. அதன் சிருங்காரத்தையே, அதாவது காதல் சுவையையே, காட்சிகளாக்கினால் கூட்டம் சேரும். கவிஞர் காணாமல் போவார். அவர் காலத்து அவையில் சிருங்காரம் பாடுவது குற்றமாகக் கருதப்படவில்லை. ஆபாசம் என்ற பழி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே வந்தது என்பதால், பழி வந்த கதையே நாடகத்தின் முதுகெலும்பாக இருக்கட்டும்.

நுழைவுக் காட்சிக்குக் கூத்து மரபே கைகொடுக்கும். திரைக்குப் பின்னிருந்து வரும் ஒவ்வொரு வேடமும் தன் பெயரையும் குலத்தையும் தானே பாடி அறிவித்த பிறகே கதைக்குள் இறங்குகிறது. முத்துப்பழனியும் தம் நூலின் முகவுரையில் அதையே செய்கிறார்: தம் பாட்டி தஞ்சநாயகி முதலான பெண் முன்னோரையும், தம் புலமையையும், தமக்குக் கிடைத்த மதிப்பையும் தயக்கமின்றிச் சொல்கிறார். 1887-இல் அச்சான பதிப்பில் இந்த முகவுரையே விடுபட்டிருந்தது. ஆகவே திரைப் பிரவேசப் பாட்டைத் தொடக்கத்தில் பாதியில் நிறுத்தி, முழு நூலையும் பின்னர் பதிப்பித்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் வரும் காட்சிக்குப் பின் முழுமையாகப் பாடவைத்தால், சொற்பொழிவு எதுவுமின்றி வரலாறு புரிந்துவிடும். முத்துப்பழனி வேடத்தைப் பெண் ஒருவரே ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்திரீ பார்ட்டில் (பெண் வேடத்தில்) தேர்ந்த ஆண் கலைஞர்களை நாகரத்தினம்மாளின் எதிர்த்தரப்பில் நிறுத்தலாம், அதில் ஒரு சுவையும் உண்டு.

வழக்காடும் காட்சிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். கைம்பெண் மறுமணத்துக்காகப் போராடிய தெலுங்கு எழுத்தாளர் கந்துகூரி வீரேசலிங்கம் இந்நூல் பெண் வாயிலிருந்து வரத்தகாதது என்று கடிந்தார். அவரை வில்லனாக்கினால் காட்சி மெலிந்துவிடும். சீர்திருத்தவாதியாகவே, நேர்மையான சினத்தோடு பேசவிடுங்கள். முழு நூலையும் தேடிக் கண்டெடுத்து 1910-இல் சென்னை வாவிள்ள அச்சகத்தின் வழியே வெளியிட்ட நாகரத்தினம்மாள், நாணம் பெண்களுக்கு மட்டும்தானா என்று கேட்டதோடு, இதைவிடக் கூடுதல் சிருங்காரம் கொண்ட நூலை வீரேசலிங்கமே பதிப்பித்ததையும் எடுத்துக்காட்டினார். இந்த இரண்டாவது அடியில்தான் பந்தல் கலகலக்கும். 1911-இல் காவல்துறை படிகளைப் பறிமுதல் செய்ததையும், தங்குத்தூரி பிரகாசம் சென்னை மாகாணத்தின் தலைமை ஏற்றிருந்தபோது தடை நீங்கியதையும் கூத்தின் கோமாளியும் கதைசொல்லியுமான கட்டியக்காரன் நான்கு வரியில் சொல்லிவிடலாம்.

கட்டியக்காரனிடம் எச்சரிக்கை தேவை. வழக்கமான இரட்டைப் பொருள் நகைச்சுவையை இங்கே அவிழ்த்துவிட்டால் அவரும் பழி சொல்வோர் பக்கம் சேர்ந்துவிடுவார். அவருடைய கேலி தடை ஆணையின் மீதும், நூலைப் படிக்காமலே முகம் சுளிப்பவர் மீதும் பாயும்படி, கூத்தை நடத்தும் வாத்தியாரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

செய்யுளை முதலில் தெலுங்கில் பாடி, உடனே அதன் கருத்தைத் தமிழ் விருத்தமாக்கிப் பின்பாட்டுக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஒரு காட்சிக்கு இரண்டு செய்யுள் போதும். ஆண்டாளின் திருப்பாவையையும் முத்துப்பழனி தெலுங்கில் பாடியிருப்பதால், ஒரு பாசுரத்தைத் தமிழிலேயே சேர்ப்பது பொருந்தும். மூல நூலுக்குப் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. அண்மைக்கால மொழிபெயர்ப்பிலிருந்து வரிகளை எடுத்தால், மொழிபெயர்ப்பாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும் என்பதால், ஒத்திகை தொடங்கும் முன்பே எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். அல்லது தெலுங்கும் தமிழும் அறிந்த உள்ளூர் ஆசிரியர் ஒருவரைக் கொண்டு புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.